மஞ்சள் பையில் இருந்த இரண்டு அட்டைகள்

அப்பாவின் மாத்திரைகள் எல்லாம் ஒரு தாம்பூலப் பையில்தான் இருக்கும். ஏதோ ஒரு கல்யாணத்தில் தேங்காய் போட்டுக் கொடுத்த மஞ்சள் பை. மணமக்கள் பெயர் பாதி அழிந்துவிட்டது. கூடத்தில் நாள்காட்டி மாட்டியிருக்கும் ஆணியிலேயே அதுவும் தொங்கும். நான்கு வருடங்களுக்கு முன் ஒரு கார்த்திகை மாத விடியற்காலையில், அந்தப் பையை ஆஸ்பத்திரி பெஞ்சின் மேல் கவிழ்த்துக் கொட்டினேன். முப்பது அட்டைகளுக்கு மேல் இருந்தன. பாதி தீர்ந்தவை, கத்தரித்தவை, பெயர் இருந்த பக்கம் கிழிந்துபோனவை. அப்பா அன்று சாகப் பிழைக்கக் கிடந்ததற்கான காரணம் அந்தக் குவியலுக்குள்தான் இருந்தது.

எங்கள் ஊர் நீடாமங்கலத்துக்குப் பக்கம். மூணாறு தலைப்பில் வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிகிற இடத்திலிருந்து கொஞ்ச தூரம். அந்த வாரம் விடாத மழை. சம்பா வயலில் தண்ணீர் நின்றுவிட்டது. அப்பா பொழுது சாய்கிறவரை நின்று வரப்பை வெட்டி வடிய வைத்துவிட்டு வந்தார். பசியில்லை என்று ஒரு டம்ளர் மோர் மட்டும் குடித்தார். மாத்திரையை மட்டும் மறக்காமல் போட்டுக்கொண்டு படுத்தார். மறக்கக் கூடாது என்று நாங்கள்தான் திரும்பத் திரும்பச் சொல்லி வைத்திருந்தோம்.

மூன்று மணிக்கு அம்மா என்னை எழுப்பினார். அப்பாவின் பனியன் பிழிந்தால் தண்ணீர் சொட்டும் அளவுக்கு வேர்த்து நனைந்திருந்தது. கை நடுங்கியது. என்னைப் பார்த்து யார் என்று கேட்டார். பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்து பார்த்துவிட்டு வாதம் என்றார். இன்னொருவர், ராத்திரி வயலில் காத்து பட்டிருக்கும், திருநீறு போடு என்றார். யாரோ வாயில் காபியை ஊற்றப் போனார்கள். அதற்குள் அப்பாவுக்கு நினைவு தப்பிவிட்டது. நல்லவேளை, ஊற்றவில்லை. நினைவில்லாதவர் வாயில் எதை ஊற்றினாலும் அது நுரையீரலுக்குள் போய்விடக்கூடும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். 108 வந்தது. அதில் வந்த பையன் முதலில் செய்தது விரலில் குத்திச் சர்க்கரை பார்த்ததுதான். 38.

பதினான்கு வருடமாகச் சர்க்கரை ஏறிவிடுமோ என்றுதான் எங்கள் வீடு பயந்துகொண்டிருந்தது. இறங்கினாலும் ஆள் போய்விடுவார் என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை.

ஆஸ்பத்திரியில் நரம்பில் குளுக்கோஸ் ஏற்றியதும் அரைமணி நேரத்தில் கண்ணைத் திறந்து, "மடையை அடைச்சாச்சா?" என்றார். அந்தக் கேள்வியைக் கேட்டதும் அம்மா அழுத அழுகை எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. பணியில் இருந்த இளம் நர்ஸ் பெஞ்சுக்கு வந்து அட்டைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்தார். இரண்டைத் தனியாக எடுத்து என் முன்னால் பிடித்தார். ஒன்று பச்சை எழுத்து, இன்னொன்று நீல எழுத்து. பெரிய எழுத்துகளில் இருந்த பெயர்கள் வேறு வேறு. அதற்குக் கீழே எறும்பு ஊர்வதுபோல் இருந்த எழுத்தில் இரண்டிலும் ஒரே பெயர். கிளிமிபிரைடு.

"ரெண்டும் ஒரே மருந்துதான் அக்கா. அப்பா ரெண்டையும் சாப்பிட்டிருக்காங்க. ராத்திரி சாப்பிடவும் இல்ல."

நடந்தது இதுதான். பல வருடமாகப் பார்த்துவந்த பக்கத்து டவுன் டாக்டர் ஒரு கம்பெனி மாத்திரை எழுதியிருந்தார். இரண்டு வாரத்துக்கு முன் அண்ணன் பெரிய ஊருக்கு அழைத்துப் போய் வேறொரு டாக்டரிடம் காட்டினான். அவர் வேறொரு கம்பெனி மாத்திரை எழுதினார். பழைய சீட்டை அவர் கேட்கவில்லை, இவர்களும் காட்டவில்லை. அப்பாவிடம் பிறகு கேட்டபோது அவர் சொன்ன பதிலில் ஒரு தப்பும் எனக்குத் தெரியவில்லை. "புது டாக்டர் இதைச் சாப்பிடச் சொன்னார். சரி. பழசை நிறுத்துன்னு யாரும் சொல்லலையேம்மா?"

அந்த மாத்திரை கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் வகை. வயிற்றில் சோறு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது தன் வேலையைச் செய்யும். வயதானவர்களுக்குச் சிறுநீரகம் மெதுவாக வேலை செய்வதால் அது உடம்பை விட்டு வெளியேற நேரமாகும். அதனால்தான் குளுக்கோஸ் ஏற்றிக் கண் திறந்த பிறகும் ஒன்றரை நாள் அங்கேயே வைத்திருந்தார்கள். மறுபடி இறங்கலாம் என்றார்கள். அன்று மத்தியானம் இறங்கவும் செய்தது.

அந்த ஒன்றரை நாளும் நான் அந்தக் கீழ் வரி எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் எம்.காம் படித்தவள். மாதாமாதம் அந்த அட்டைகளை போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டு, மருந்துக்கடையில் வாங்கச் சொன்னவளே நான்தான். ஒருநாளும் அந்தக் கீழ் வரியைப் படித்ததில்லை. எங்கள் பக்கம் வயதானவர்கள் உடம்பைக் கெடுத்துக்கொண்டால், "விவரம் தெரியாத ஜனங்க" என்று சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். படித்த பிள்ளைகளும் சொல்வார்கள், டாக்டர்களும் சொல்வார்கள். அன்றிலிருந்து அந்தச் சொல்லை நான் சொல்வதில்லை.

அப்பா வீட்டுக்கு வந்ததும் நான் மூன்று மாதம் ஊரிலேயே இருந்தேன். மாத்திரைகளை ஒழுங்குபடுத்திக் கொடுத்துவிட்டுக் கிளம்பலாம் என்றுதான் நினைத்தேன். அப்பாவுக்குச் செய்ததைப் பார்த்து அத்தை தன் பையைக் கொண்டுவந்து கொட்டினார். பிறகு எதிர்வீட்டு ஆச்சி, பிறகு தெருக்கோடி மாமா. எங்கள் திண்ணையில் அந்த மூன்று மாதத்தில் நான் கற்றுக்கொண்டதுதான் இந்தக் கட்டுரை.

யாருக்கும் மாத்திரையின் பெயர் தெரியாது. ஆனால் ஒவ்வொருவரிடமும் ஒரு கணக்கு இருந்தது. "பெரிய மாத்திரை", "நடுவுல கோடு போட்டது", "ரோஸ் கலரு", "நாக்குல கசக்கிறது". அத்தைக்குப் பிரஷர் மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கிறது. அரசு ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் மருந்து வாங்கித் தருவது 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். எத்தனையோ ஏழைகள் இலவசமாக மருந்து சாப்பிட்டு உயிரோடு இருப்பதற்கு அது ஒரு பெரிய காரணம். அது டெண்டர் விட்டு வாங்குகிறது. டெண்டர் எடுத்த கம்பெனி மாறினால் அட்டையும் நிறமும் மாறும். உள்ளே இருக்கும் மருந்து அதேதான். ஆனால் மாத்திரையை நிறத்தால் அடையாளம் வைத்திருப்பவருக்கு அது வேறு மாத்திரை. ஒரு தடவை இப்படி மாறியபோது, தப்பான மாத்திரையைக் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்து அத்தை மூன்று வாரம் அதைத் தொடவே இல்லை. குப்பையில் போடவும் மனசு வராமல் ஒரு டப்பாவில் போட்டு வைத்திருந்தார்.

"ஏன் அத்தை, அங்கேயே கேட்டிருக்கலாமே?"

"பின்னாடி அம்பது பேரு நிக்கிறான் ஆயி. நான் போயி இது என்னா அது என்னான்னு நின்னா?"

இந்த ஒரு வரியைத்தான் நான் மிகவும் யோசித்தேன். அத்தை யாருக்கும் பயப்படுகிறவர் இல்லை. கூலி குறைத்துக் கொடுத்த மிராசுதாரரை வரப்பில் நிறுத்திக் கேட்டவர். அவருக்கே மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு முன்னால் வாய் வரவில்லை.

அத்தைக்கு அறுபத்தெட்டு வயது. இன்னும் நடவுக்குப் போகிறார். அவருக்குச் சர்க்கரையும் உண்டு. சீட்டில் "காலை, சாப்பாட்டுக்கு முன்" என்று எழுதியிருக்கிறது. எழுதியவர் மனதில் எட்டு மணிக்கு இட்லி சாப்பிடும் ஒரு வீடு இருந்திருக்கும். அத்தை ஐந்தரைக்கு எழுந்து ஒரு டீ குடித்துவிட்டு, மாத்திரையைப் போட்டுக்கொண்டு, தூக்குவாளியில் பழைய சோற்றோடு ஆறரைக்கு வயலில் இறங்கிவிடுவார். கரையேறி அந்தச் சோற்றைச் சாப்பிடும்போது பத்து, பத்தரை. மாத்திரைக்கும் சோற்றுக்கும் நடுவே நான்கு மணி நேரம், அதுவும் குனிந்து நாற்று நடும் வேலை. ஒன்பது மணிக்கு மேல் "கிறுகிறுன்னு வரும், கண்ணு இருட்டும், வரப்புல ஒக்காந்துட்டா சரியாயிடும்" என்று பல மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வயசாகிவிட்டது, வெயில், பித்தம் என்று ஆளுக்கொரு காரணம் சொன்னோம். அப்பாவுக்கு வந்ததன் தம்பிதான் அது என்று யாருக்கும் தோன்றவில்லை.

தீர்வு ரொம்பச் சின்னது. டாக்டரிடம் அத்தையின் ஒரு நாளை மணிக்கணக்கோடு சொன்னோம். மாத்திரையையும் வாளியில் எடுத்துப் போய், கரையேறிச் சோற்றைத் திறக்கும்போது போட்டுக்கொள்ளுங்கள் என்றார். அவர் எரிச்சல்படவில்லை. இத்தனை நாளும் இது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை, அவ்வளவுதான். "காலையில என்ன மணிக்குச் சாப்பிடுவீங்க?" என்று யாரும் கேட்டதில்லை.

விரதநாள் இன்னொரு கதை. அத்தை செவ்வாய்க்கிழமை விரதம். வைத்தீஸ்வரன் கோயிலுக்கு வேண்டுதல். தையல்நாயகியும் வைத்தியநாதரும் நோய் தீர்க்கும் தெய்வங்கள், அங்கே அங்காரகன் சன்னதிக்குச் செவ்வாய்க்கிழமை விசேஷம். அத்தைக்கு அதில் இருக்கும் நம்பிக்கையை நான் கேள்வி கேட்க மாட்டேன். ஆனால் செவ்வாய் முழுக்கச் சாப்பிடாமல், மாத்திரையை மட்டும் தவறாமல் போட்டுக்கொண்டிருந்தார். "தவறவே கூடாதுன்னு சொன்னாங்களே!" சொன்னதைச் சொன்னபடி கேட்பவர்களுக்குத்தான் இந்த ஆபத்து அதிகம். விரதநாளில் எந்த மாத்திரையை விட வேண்டும், எதைத் தொடர வேண்டும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். அத்தை இப்போது இரண்டு வாழைப்பழமும் பாலும் எடுத்துக்கொள்கிறார். அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள் என்று எதிர்வீட்டு ஆச்சி உத்தரவாதம் கொடுத்தபிறகுதான்.

சர்க்கரைப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்கப் போகிறவர்களிடம் தயவுசெய்து ஒன்றைக் கேளுங்கள். சாப்பிட்டீர்களா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள், அது உண்மையும்கூட. எங்கள் பக்கம் டீ சாப்பாட்டுக் கணக்கில் வராது. இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட டீ, சில சமயம் ஒரு வர்க்கி. "டீ குடிச்சீங்களா?" என்று தனியாகக் கேட்க வேண்டும்.

அப்பா தினமும் காலையில் பேப்பரில் முதலில் தேடுவது மேட்டூர் நீர்மட்டம். டெல்டாவில் பிறந்த எந்தக் கிழவரும் அப்படித்தான். முழு உயரம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி. திறக்க வேண்டிய நாள் ஜூன் 12. 2022-ல் மே 24-ஆம் தேதியே திறந்தார்கள், 2024-ல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதெல்லாம் அப்பாவுக்கு மனப்பாடம். இன்று வரத்து எத்தனை கன அடி, வெளியேற்றம் எத்தனை, இந்த இருப்பை வைத்துக் குறுவை போடலாமா, சம்பாவோடு நிறுத்திக்கொள்ளலாமா என்று திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் போடுவார். அந்த மனிதரிடம் "எச்பிஏ1சி 9.2" என்று எழுதிய தாளைக் கொடுத்து, "ஜாஸ்தியா இருக்கு, கட்டுப்படுத்துங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஆறு வருடமாக அந்தத் தாள்களும் மஞ்சள் பைக்குள் மடித்துக் கிடந்தன. எண் புரியாதவர் இல்லை அவர். அந்த எண் எதை அளக்கிறது என்று சொல்லப்படாதவர்.

ஒருநாள் காலையில் பேப்பரோடு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "அப்பா, காலையில விரல்ல குத்திப் பாக்கிறது இன்னைய வரத்து. குடகுல நேத்து மழைன்னா இன்னைக்கு ஏறும், நாளைக்கு எறங்கும். அதை மட்டும் வெச்சு சம்பா போடுவீங்களா?"

"போட மாட்டேன்."

"இந்த எச்பிஏ1சின்னு எழுதியிருக்கிற மூணு மாசப் பரிசோதனை இருக்கே, இது வேற. ரத்தத்துல இருக்கிற சிவப்பு அணுவுக்கு ஆயுசு ஏறக்குறைய 120 நாள். ரத்தத்துல எவ்வளவு சர்க்கரை ஓடுதோ அந்த அளவுக்கு அதுல ஒட்டிக்கும். அதை அளந்தா மூணு மாசமா எப்படி ஓடுச்சுன்னு தெரிஞ்சுடும்."

அப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "120 நாளா? நம்ம மேட்டூர் அடி மாதிரி." கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "அப்போ டெஸ்டுக்கு ரெண்டு நாள் முன்னாடி வாயைக் கட்டினா பிரயோஜனம் இல்லைங்கிற."

பல வருடமாக அதைத்தான் செய்துகொண்டிருந்திருக்கிறார். பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பு பட்டினி மாதிரி இருப்பது. டாக்டர் திட்டுவாரே என்று. அன்றைய ரத்தம் நன்றாக வரும், மூன்று மாதக் கணக்கு அதற்கு நேர்மாறாக வரும், டாக்டர் குழம்பி மாத்திரையைக் கூட்டுவார்.

அன்று மாலையே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி அப்பா கோடு போட்டார். தேதி, மேட்டூர் மட்டம், வெறும் வயிறு, சாப்பிட்டபின், என்ன சாப்பிட்டேன். நான் சொல்லாமலே மேட்டூரை நடுவில் சேர்த்துக்கொண்டார். அந்த நோட்டைக் கொண்டுபோனபோது டாக்டர் முதன்முறையாக அப்பாவைப் பார்த்துப் பேசினார். அதுவரை அவர் என்னைத்தான் பார்த்துப் பேசுவார், நான்தான் பதில் சொல்வேன். "அப்பாவுக்கு எப்படி இருக்கு?" என்பார், "பரவாயில்ல டாக்டர், கால் மட்டும் வலிக்குதுங்கிறார்" என்பேன். அப்பா நடுவில் உட்கார்ந்திருப்பார். உதவி செய்வதாகத்தான் நினைத்தேன். அப்பாவின் வாயை நானே அடைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். வயதையும், ஒருமுறை இறங்கி விழுந்ததையும் கணக்கில் வைத்து, மூன்று மாதச் சர்க்கரை எட்டுக்குள் இருந்தால் போதும், இன்னும் கீழே இழுக்க வேண்டாம் என்று அந்த டாக்டர் அவரிடமே சொன்னார். ஒரு மாத்திரையைக் குறைத்தார்.

கால் வலி என்றேனே, அதுவும் தப்பு. அப்பா சொன்னது வலி இல்லை. "பஞ்சு மேல நடக்கிற மாதிரி இருக்கு", "மதமதன்னு இருக்கு" என்பதுதான் அவர் வார்த்தை. நான் அதை வலி என்று மொழிபெயர்த்துவிட்டேன். மதமதப்பு என்றால் நரம்பு சேதமாகத் தொடங்கியிருக்கிறது என்று பொருள். வலியைவிட அது ஆபத்து, ஏனென்றால் வலிக்காது. எங்கள் பக்கம் யாரும் செருப்போடு வயலில் இறங்க மாட்டார்கள். சேற்றில் முடியாது, மனசும் வராது. கருவேல முள் குத்தினாலும், நத்தை ஓடு கிழித்தாலும் தெரியாது. சேறு ஒட்டிய காலைத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்துவிடுவார்கள். தெருக்கோடி மாமாவுக்கு இடது காலில் இரண்டு விரல் கிடையாது. கட்டைவிரல் கறுத்துப் போனபிறகுதான் அவருக்கே தெரிந்தது. அதற்கு முன் பத்து நாள் அந்தக் காலோடு அறுப்புக் களத்தில் நடந்திருக்கிறார்.

இப்போது எங்கள் வீட்டில் சாயங்காலம் விளக்கு ஏற்றியதும் ஒரு வழக்கம் வந்திருக்கிறது. அப்பா திண்ணையில் காலை நீட்டுவார். அம்மா விரல் இடுக்கெல்லாம் துடைத்து, உள்ளங்காலைக் கையால் தடவிப் பார்ப்பார். வெடிப்பில் எண்ணெய் தடவுவார். தனியாக இருக்கும் அத்தைக்கு முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று. தரையில் வைத்து அதன்மேல் பாதத்தைக் காட்டிப் பார்த்துக்கொள்கிறார். காலுக்குச் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுப்பதை அறவே நிறுத்திவிட்டோம். சூடு தெரியாத காலில் கொப்பளம் வந்தபிறகுதான் தண்ணீர் எவ்வளவு கொதித்தது என்று தெரியும்.

வலி மாத்திரையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். நடவு, களை, அறுப்புக் காலத்தில் ராத்திரி மருந்துக்கடையில் போய், "மேலு வலிக்கு ஒரு செட்டு குடுங்க" என்றால் சின்னத் தாளில் மூன்று நான்கு மாத்திரை மடித்துக் கொடுப்பார்கள். பெயர் கிடையாது, அட்டை கிடையாது. அந்த வலி மாத்திரைகளில் பல, நாள் தவறாமல் போட்டால் சிறுநீரகத்தைக் கெடுக்கும், பிரஷரை ஏற்றும். சில செட்டுகளில் ஸ்டீராய்டும் இருக்கும். அது சர்க்கரையை எங்கேயோ கொண்டுபோய்விடும். அத்தை இதையெல்லாம் மருந்து என்றே கணக்கில் வைத்ததில்லை. "வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்பார். அது சர்க்கரைக்கு இல்லையே, அலுப்புக்குத்தானே.

சாப்பாட்டு விஷயத்தில் எனக்கு ஒரு குறை உண்டு. ஒரு ஆஸ்பத்திரியில் கொடுத்த உணவுப் பட்டியலில் ஓட்ஸ், ஆப்பிள், கோதுமை ரவை என்று இருந்தது. மூன்று வேளையும் சோறு சாப்பிடும் நெல் நாட்டில் அந்தத் தாள் யாருக்கு? அம்மா அதைப் பார்த்துப் பயந்துபோய் ராத்திரி சோற்றை நிறுத்திச் சப்பாத்தி போட்டார். அப்பா ஐந்து சாப்பிட்டார். சோறுதானே கூடாது!

அப்புறம் மாப்பிள்ளை சம்பா. திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஆதிரெங்கத்தில் இருந்துகொண்டு, அழிந்துபோகவிருந்த பாரம்பரிய நெல் ரகங்களை ஊர் ஊராகத் தேடி மீட்டவர் நெல் ஜெயராமன். 2018 டிசம்பரில் அவர் மறைந்தபோது அப்பா சாப்பிடவில்லை. அவர் மீது வைத்த மரியாதையில் எங்கள் வீட்டிலும் கால் ஏக்கர் மாப்பிள்ளை சம்பா போட்டோம். தவிடு நீக்காத அரிசியில் நார்ச்சத்து அதிகம், சர்க்கரை கொஞ்சம் நிதானமாக ஏறும், உண்மைதான். ஆனால் "இது சர்க்கரைக்கு நல்லது" என்ற ஒரு வரி மட்டும் பரவி, அப்பா வழக்கமாகச் சாப்பிடுவதைவிட ஒன்றரைப் பங்கு சாப்பிட்டார். எந்த அரிசியானாலும் அது அரிசி. நோட்டில் எழுதத் தொடங்கியபிறகு அப்பாவே அதைக் கண்டுபிடித்தார். இப்போது முதலில் கீரையோ வாழைத்தண்டோ கூட்டாக ஒரு கிண்ணம், அதன்பிறகு கரண்டி அளவில் சோறு. கொல்லையில் இல்லாத எதையும் வாங்கவில்லை.

2020-ல் தமிழ்நாடு அரசு எடுத்த ஆய்வில், பிரஷர் உள்ளவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கும், சர்க்கரை உள்ளவர்களில் நூற்றுக்குப் பதினொரு பேருக்கும்தான் நோய் கட்டுப்பாட்டில் இருந்தது. மருந்து இலவசமாகக் கிடைக்கிற மாநிலத்தில். அடுத்த வருடம், 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது. எங்கள் தெருவுக்கு வருகிற தன்னார்வலர் இரண்டு தெரு தள்ளி இருக்கும் பெண். சுய உதவிக் குழுவிலிருந்து வந்தவர். பிரஷர் மெஷினும் குளுக்கோமீட்டரும் பையில் வைத்துக்கொண்டு வீடு வீடாக நடக்கிறார். அவருக்குக் கிடைக்கும் ஊக்கத்தொகை அவர் நடக்கும் நடைக்குக் கொஞ்சமும் போதாது என்பது என் கருத்து. அவரிடம் நான் கற்றுக்கொண்டது இரண்டு.

"மாத்திரை போட்டீங்களா?" என்று அவர் கேட்பதில்லை. கேட்டால் எல்லோரும் "போட்டேன்" என்பார்கள். "அட்டையை எடுங்க பெரியம்மா, எத்தனை மிச்சம் இருக்குன்னு எண்ணுவோம்" என்று பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறார். மிச்சம் இருந்தால் திட்டுவதில்லை. ஏன் மிச்சம் என்று கதை கேட்கிறார்.

இன்னொன்று, அத்தை பிரஷர் மாத்திரையை நிறுத்தியபோது நடந்தது. பார்த்தபோது 130-க்கு 80 இருந்தது, நார்மல் என்றார்கள், நார்மலானபிறகு எதற்கு மாத்திரை என்று நிறுத்திவிட்டார். காய்ச்சல் விட்டால் மாத்திரையை விடுகிறோம், அதே நியாயம். நான் தீராத நோய், வாழ்நாள் முழுக்க என்றெல்லாம் சொல்லி அத்தையைப் பயமுறுத்திக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் சொன்னார்: "பெரியம்மா, ஆத்துல கரை இருக்கிறதாலதான் தண்ணி ஊருக்குள்ள வரல. தண்ணிதான் வரலையேன்னு கரையை வெட்டிவிடுவீங்களா?"

அத்தை அன்றிரவே மாத்திரையை எடுத்தார்.

அப்பாவை வீட்டுக்கு அனுப்பும் நாளில் அந்த இளம் நர்ஸ் செய்த ஒன்றையும் எழுத வேண்டும். எல்லா மாத்திரையையும் விளக்கிச் சொன்னார். அப்பா வழக்கம்போல "சரிங்க, சரிங்க" என்று தலையாட்டினார். எத்தனை டாக்டர்கள் முன்னால் இந்தச் "சரிங்க"வை நான் கேட்டிருக்கிறேன்! அது புரிந்தது என்பதற்கான சொல் இல்லை. உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்ளவில்லை, கிளம்புகிறேன் என்கிற மரியாதை அது. எல்லோரும் அதோடு விட்டுவிடுவார்கள். இந்தப் பெண் விடவில்லை. "ஐயா, நான் ஒழுங்காச் சொன்னேனான்னு எனக்குத் தெரியணும். வீட்டுக்குப் போனா உங்க தங்கச்சி, என்னண்ணே சொன்னாங்கன்னு கேப்பாங்கல்ல? என்ன சொல்வீங்க, சொல்லுங்க" என்றார். அப்பா தொடங்கினார். இரண்டாவது மாத்திரையிலேயே தப்பிவிட்டது. அவர் சிரித்துக்கொண்டே, "நான்தான் சரியாச் சொல்லல" என்று மறுபடி சொன்னார். மூன்றாவது தடவை அப்பா முழுதாகச் சொன்னார். வேர்த்து நடுங்கினால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும், கால்மணி நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும், அப்புறம் ஏதாவது சாப்பிட வேண்டும் என்பதுவரை. மொத்தமும் ஏழெட்டு நிமிடம் ஆகியிருக்கும். பதினான்கு வருடத்தில் அப்பாவுக்காக யாரும் அந்த ஏழெட்டு நிமிடத்தைச் செலவழித்ததில்லை. நான் உட்பட.

மஞ்சள் பை இன்னும் அதே ஆணியில்தான் தொங்குகிறது. உள்ளே இப்போது நான்கு அட்டைகள்தான். ஒவ்வொன்றின் முதுகிலும் வெள்ளைத் தாள் ஒட்டி, எதற்கு, எப்போது என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத அத்தைக்கு, பிரஷர் மாத்திரை மேல் ஆற்றங்கரை படம். அது அத்தையே கேட்டு வரைய வைத்தது.

போன மாதம் அத்தையோடு சுகாதார நிலையத்துக்குப் போயிருந்தேன். வேண்டுமென்றே நான் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டேன். நீண்ட வரிசை. அத்தையின் முறை வந்தது, ஜன்னல் வழியாக அட்டைகளை நீட்டினார்கள். அத்தை வாங்கிப் பார்த்தார். நகரவில்லை.

"தம்பி, போன தடவை இது வெள்ளையா இருந்துச்சு. இப்ப மஞ்சளா இருக்கு. அதே மாத்திரைதானா?"

பின்னால் ஒருவர், "நகரும்மா, நேரமாவுது" என்றார். அத்தை திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளே இருந்த பையன் எழுந்து வந்து, அட்டையைத் திருப்பி, கீழ் வரியை விரலால் காட்டிப் படித்தான். அத்தை அவன் சொன்னதை அவன் முகத்தைப் பார்த்தே திருப்பிச் சொன்னார்.

"அம்லோடிபின். பிரஷருக்கு. ராத்திரி ஒண்ணு."

"அதேதான் பாட்டி."

அதன்பிறகுதான் வரிசையை விட்டு வந்தார். பின்னால் நின்றவர் தன் அட்டையை வாங்கியதும் அவரும் அதைத் திருப்பிப் பார்த்தார்.